சிங்குலாரிட்டி (சோதனை வழங்கி)

சிங்குலாரிட்டி என்பது ஈவ் ஆன்லைன் என்னும் இணையவழி விண்வெளி விளையாட்டின் சோதனை வழங்கி ஆகும். விளையாட்டாளர்கள் இதனைச் சுருக்கமாகச் "சிசி" என அழைப்பர். புதிய பதிப்பொன்று முதன்மை வழங்கியான டிராங்குவிலிட்டியில் நிறுவப்படும் முன்னர், அதில் இடம்பெறவிருந்த விண்கலங்களும் ஆயுதங்களும் இவ்வழங்கியில் விளையாட்டாளர்களைக் கொண்டே சோதிக்கப்பட்டன.

பின்னணி

ஈவ் ஆன்லைனை ஐசுலாந்தின் ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சிசிபி கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இது 2003 மே 6 அன்று வெளியானது. இதில் அழிந்த கலம் மீண்டும் கிடைப்பதில்லை. உரியவர் புதிய கலத்தை வாங்கவோ கட்டவோ வேண்டும். 2014 சனவரி 27, 28 ஆகிய நாட்களில் பி-ஆர்5ஆர்பி என்னும் விண்மீன் தொகுதியில் நடந்த போரில், டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கலங்கள் 75 அழிந்தன. அப்போரின் மொத்த இழப்பு ஏறத்தாழ 3,00,000 அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. ஆகவே ஓர் ஆயுதத்தின் ஆற்றல் சிறிது மாறினாலும், பலர் மாதக்கணக்கில் சேர்த்த பொருளின் மதிப்பு மாறிவிடும். முன்கூட்டியே சோதிப்பதன் தேவை இங்கிருந்தே எழுந்தது.

அமைப்பு

டிராங்குவிலிட்டியின் தரவுத்தளம் அவ்வப்போது படியெடுக்கப்பட்டுச் சிங்குலாரிட்டியில் ஏற்றப்பட்டது. இதனால் விளையாட்டாளர் தமது பாத்திரத்தையும் கலங்களையும் அங்கும் காண முடிந்தது. சந்தையில் பெரும்பாலான பொருட்கள் 100 இஸ்க் (விளையாட்டின் நாணயம்) விலைக்குக் கிடைத்தன. இங்கு ஏற்பட்ட இழப்போ ஈட்டமோ முதன்மை வழங்கியைப் பாதிக்கவில்லை. சோதனை செய்வோருக்கு இடையூறு நேராதிருக்க, குறிப்பிட்ட இடங்களுக்கு வெளியே, எதிரில் உள்ளவரின் இசைவின்றித் தாக்குதல் தடைசெய்யப்பட்டிருந்தது.

ஆயுதங்களைச் சோதிக்கும் முறை

ஈவின் பீரங்கிகளுள் லேசர், கலப்பினம், எறிபொருள் ஆகிய வகைகள் அடங்கும். ஒரு குண்டு இலக்கைத் தாக்குமா என்பது நிகழ்தகவினால் முடிவு செய்யப்படுகிறது. பின்வருவன அதில் முதன்மையானவை.

* உகந்த தொலைவு: இதற்குள் தொலைவினால் துல்லியம் குறைவதில்லை.
* சரிவுத் தொலைவு: உகந்த தொலைவுக்கு அப்பால் இவ்வளவு தூரத்தில் உள்ள அசையாத இலக்கைத் தாக்கும் வாய்ப்பு 50% ஆகும். இதன் இருமடங்கு தூரத்தில் அது 6.25% ஆகக் குறைகிறது.
* பின்தொடர் வேகம்: இலக்கு குறுக்காக நகரும்போது பீரங்கி அதற்கேற்பத் திரும்பும் திறன். இலக்கின் பருமனும் இதனுடன் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது.

ஏவுகணைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. எட்டும் தொலைவில் உள்ள இலக்கை அவை தாக்கும்; ஆனால் இலக்கு சிறியதாகவோ விரைவானதாகவோ இருப்பின் சேதம் குறையும்.

சோதனையின்போது ஒருவர் இலக்காக நிற்க, மற்றவர் குறித்த தொலைவிலிருந்து சுடுவார். தொலைவு, வேகம், குண்டின் வகை ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே மாற்றப்படும். சில குண்டுகளைக் கொண்டு முடிவுக்கு வருவது தவறாகும். தாக்கும் வாய்ப்பு 50% ஆக இருக்கையில், 10 முறை சுட்டால் 3 முதல் 7 வரை எத்தனை குண்டுகள் பட்டாலும் வியப்பில்லை. 400 முறை சுட்டால் பட்டவை பெரும்பாலும் 180க்கும் 220க்கும் இடையில் அமையும்.

பெரிய மாற்றங்கள்

2009 டிசம்பரில் வெளியான டொமினியன் பதிப்பில், டைட்டன்களின் டூம்ஸ்டே ஆயுதம் மாற்றப்பட்டது. அதுவரை சுற்றியுள்ள கலங்கள் அனைத்தையும் தாக்கி வந்த அது, ஒற்றை இலக்கைத் தாக்கும் ஆயுதமாயிற்று. 2011 நவம்பரில் வெளியான குரூசிபிள் பதிப்பில் கலப்பினப் பீரங்கிகள் வலுவாக்கப்பட்டன.

வரையறைகள்

சோதனை வழங்கியில் நுழைவோர் சிலரே. ஆயிரக்கணக்கானோர் மோதும்போது ஏற்படும் சுமையை அவர்களால் உருவாக்க இயலாது. இதற்கென நாள் குறித்துப் பலரையும் அழைக்கும் திரள் சோதனைகள் நடத்தப்பட்டன. மேலும், எல்லாம் 100 இஸ்க்குக்குக் கிடைக்குமிடத்தில், விலையுயர்ந்த கலத்தை இழக்க அஞ்சுபவர் உண்மைப் போரில் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை அறிய முடிவதில்லை.

ஆயுதங்களுக்குத் தொடர்பற்ற இடத்திலும் பிழை நேரலாம். 2007 டிசம்பர் 5 அன்று வெளியான டிரினிட்டி பதிப்பு இதற்கு எடுத்துக்காட்டாகும். அக்காலத்தில் ஈவின் அடைவில் "பூட்.ஐஎன்ஐ" என்னும் கோப்பு இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் தொடங்குவதற்குப் பயன்படுத்தும் கோப்பின் பெயரும் அதுவே. கோப்பின் பாதையைக் குறிப்பதில் ஏற்பட்ட பிழையால், நிறுவி தன் கோப்புக்குப் பதிலாக இயங்குதளத்தின் கோப்பை அழித்தது. மறுமுறை இயக்கியபோது சிலரின் கணினிகள் தொடங்கவில்லை. சிசிபி வருத்தம் தெரிவித்துச் சீரமைக்கும் வழிமுறைகளை வெளியிட்டது. பின்னர் ஈவின் கோப்பு "ஸ்டார்ட்.ஐஎன்ஐ" எனப் பெயர் மாற்றப்பட்டது.

விளையாட்டில் அழிந்த கலத்திற்கு மாற்றாக வேறொன்றை வாங்கலாம். இங்கு முடங்கியதோ பயனரின் சொந்தக் கணினி. ஆயுதங்களின் எண்களைப் போலவே, அவற்றைப் பயனரிடம் கொண்டு சேர்க்கும் நிறுவியும் சோதிக்கப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இவற்றையும் பார்க்க

* மென்பொருள் சோதனை
* நிகழ்தகவு
* வழங்கி