காயிலின் கொதிப்பு

சென்ற கோடையில் என் நண்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற 1955-ஆம் ஆண்டு ஷெவர்லே காரைப் பழைய இரும்புக்கு விற்றுவிடத் துணிந்தார். அரைமணி நேரம் ஓடும், பின்னர் நின்றுவிடும். இக்னிஷன் காயிலைத் தொட்டால் கை பொசுங்கும். ஆறியபின் மறுபடியும் கிளம்பும். இதற்காக மூன்று புதிய காயில்கள் வாங்கியாயிற்று. நான் மெக்கானிக் அல்லன். பழைய இயந்திரங்களின் வரலாற்றைப் படித்து மகிழ்பவன். ஆயினும் 1955 என்ற அந்த எண்ணே என்னைச் சற்று நிறுத்தியது.

காரணத்தைக் கூற நான் அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல்-டி காரில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அதிர்ந்து அதிர்ந்து தீப்பொறிகளை வாரி இறைக்கும். பெரிய ஊதாரித்தனம்! டேட்டன் நகரில், கடைக் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்திப் பெயர்பெற்ற சார்லஸ் கெட்டரிங், ஒரு நண்பர் வீட்டுக் கொட்டகையில் அமர்ந்து இதற்கு மாற்றுக் கண்டார். ஒரே காயில், தேவையான கணத்தில் ஒரே பொறி. 1910-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் அது ஏறியது.

காயிலில் மின்னோட்டம் பாய்ந்து காந்தம் உண்டாகும். ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகள் விலகியதும் அக்காந்தம் சட்டென அழிய, பல்லாயிரம் வோல்ட் எழுந்து பொறி பறக்கும். முனைகள் சேர்ந்திருக்கும் நேரமெல்லாம் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தே வைத்தால் காயில் வெந்துபோவது இதனால்தான்.

இனி 1955-க்கு வருவோம். பெரிய எஞ்சின்களைச் சுழற்ற ஆறு வோல்ட் பாட்டரி போதாமல், அவ்வாண்டு ஷெவர்லே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறியது. காயிலைக் காப்பதற்கு அதன் முன்னே ஒரு மின்தடையை வைத்தார்கள். கிளப்பும்போது பாட்டரியின் வலிமை தாழ்ந்துவிடுமாதலால், அப்பொழுது மட்டும் மின்சாரம் தடையைச் சுற்றிக்கொண்டு நேரே காயிலுக்குச் செல்லும். நல்ல யுக்தி!

நண்பரின் காயிலை அளந்தோம், ஒன்றரை ஓம். பன்னிரண்டு வோல்ட் நேராக வந்தால் எட்டு ஆம்பியர். அதே அளவுள்ள தடை முன்னே நின்றால் நான்கு; சூடோ பாதியன்று, கால் பங்கு.

எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டில் தேடினோம். தடை இருந்தது, ஆனால் அதன் இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பி இணைத்திருந்தது. தடை அறுந்த கார், சாவியைத் திருகும்போது உயிர்பெறும். கையை எடுத்ததும் மாயும். நடுவழியில் அப்படி நின்றவர் யாரோ இக்கம்பியைக் கட்டி வீடு சேர்ந்திருக்கவேண்டும்.

“இது அப்பா போடும் முடிச்சு,” என்றார் நண்பர்.

புதிய தடையைப் பொருத்தி ஒருமணி நேரம் ஓட்டினோம். காயிலின்மீது உள்ளங்கையை வைத்திருக்க முடிந்தது. இரும்புக்காரர் மறுநாள் வந்து வெறுங்கையுடன் திரும்பினார். கம்பியை மட்டும் நண்பர் எறியவில்லை.