டி.பி. சீலும் வாட்ஸப் படமும்: ஒரு சானடோரியம் குறிப்பு

எழுபதுகளின் கடைசியில் எங்கள் அத்தை மாம்பலத்திலிருந்து மாதம் ஒருமுறை சேலையூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். அவர் போக வேண்டிய ஆஸ்பத்திரி அங்கேதான். ஆனால் அங்கே இறங்க மாட்டார். தாம்பரத்தில் இறங்கி, எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு காபி குடித்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்ப சானடோரியம் போய் மாத்திரை வாங்குவார். ‘அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன்’னு சொல்ல அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

போன மாதம் எங்கள் பகுதி வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. காசநோயாளிகளுக்கு ஒரு அமைப்பினர் சத்துணவுப் பை கொடுக்கிறார்கள். பின்னால் பேனர், முன்னால் நான்கைந்து பேர், நடுவில் பையை வாங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். கீழே ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், எங்கள் தெருவில் பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வாரமே அவர் வேலை பார்த்த இரண்டு வீடுகளில் ‘கொஞ்ச நாள் வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒளித்ததை ஒரு படம் ஒரு நிமிஷத்தில் ஊருக்குச் சொல்லிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் விழிப்புணர்வு என்கிற இந்த வேலையை நம் முன்னோர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடத் தோன்றியது.

சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் விடுதி நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-இல் உடல்நலம் குன்றியபோது தங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அவர் ஊர் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் சானடோரியம் கட்டினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். ஊருக்கு வெளியே இருந்ததால் காற்று கிடைத்தது. அதே காரணத்தால் ‘தாம்பரம் போயிட்டான்’ என்ற பேச்சில் ஒரு பயமும் ஏறிக்கொண்டது.

மருந்து இல்லாத நோய்க்குப் பணமும் ஆதரவும் திரட்ட வேண்டும். அதற்கு உலகம் கண்டுபிடித்த வழிதான் சீல். 1904-இல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்ற தபால்துறை ஊழியருக்கு ஒரு யோசனை வந்தது. கிறிஸ்துமஸ் கடிதங்களில் தபால்தலையோடு இன்னொரு சின்ன வில்லையையும் ஒட்டச் சொன்னால் என்ன? முதல் வருஷமே 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவில் எமிலி பிஸ்ஸல் என்ற பெண்மணி, ஒரு சின்ன சானடோரியத்தைக் காப்பாற்ற 300 டாலர் வேண்டும் என்று சீல் விற்கப் போய், அதைப்போல் பத்து மடங்கு திரட்டினார்.

இந்தியக் காசநோய்ச் சங்கம் 1939-இல் தொடங்கப்பட்டது. 1950 முதல் அது டி.பி. சீல் வெளியிட ஆரம்பித்தது. இரட்டைக் குறுக்குக்கோடு போட்ட சிவப்புச் சிலுவை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பள்ளியில் வாத்தியார் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து விற்று வரச் சொல்வார். விற்காததை அப்பா தலையில் கட்டிவிட்டு, நான் ஜியாமெட்ரி பாக்ஸ் முழுக்க ஒட்டி வைத்திருந்தேன். அத்தை அதைப் பார்த்திருப்பார்தான். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது யோசித்தால், சீல்தான் அந்தக் காலத்து ஷேர் பட்டன். அனுப்புகிறவர், தபால்காரர், பிரிக்கிறவர் என்று கை மாறி கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அந்தச் சிலுவையில் எந்த நோயாளியின் முகமும் இல்லை. அதே சமயம் நோயாளியின் குரலும் அதில் இல்லை. காசு சேர்ந்தது, பயம் அப்படியே இருந்தது.

அந்தப் பயத்தைப் போக்கியிருக்க வேண்டிய செய்தி சென்னையிலிருந்தே வந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயும் ஒரு வருஷம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நெருக்கடியான சின்ன வீடுகள், போதாத சாப்பாடு. இருந்தும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவன இதழில் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க சிகிச்சை முறையையே மாற்றியது. மருத்துவர்கள் மாறினார்கள். ஆனால் இருபது வருஷம் கழித்தும் அத்தை சானடோரியம் நிலையத்தில் இறங்கவில்லை. அந்தச் செய்தி தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

அடுத்த பாடம் எய்ட்ஸ். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். மற்ற இடங்களில் சேர்க்கத் தயங்கிய நோயாளிகளுக்குத் தொண்ணூறுகளில் தாம்பரம் சானடோரியம் படுக்கை கொடுத்தது. 2003-இல் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி சுவரெல்லாம் வந்தது. ஊரே பேசியது. அந்த வகையில் பெரிய வெற்றிதான். ஆனால் புள்ளி ராஜா என்பது ஆளைக் கிண்டல் பண்ணுகிற பெயராகவும் ஆகிப்போச்சு.

கிண்டலுக்கு அஞ்சாமல் வேறு மாதிரி பேசியவர்கள் உண்டு. பி. கௌசல்யா தனக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, 1998-இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். முகம் காட்டியது அவராகவே எடுத்த முடிவு. என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்பதும் அவர் கையில் இருந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதல் 8 மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்தும் இப்படிப்பட்ட குரலும் சேர்ந்துதான் பயத்தைக் கொஞ்சமாவது குறைத்தன.

காசநோயிலும் இது இப்போது நடக்கிறது. 1999-இல் சென்னையில் தொடங்கிய ரீச் அமைப்பு, குணமானவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே பேச வைக்கிறது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு எழுந்து வந்த ஒருவர் தன் வாயால் ‘எனக்கு இருந்துச்சு, இப்ப இல்லை’ என்று ஒரு வீடியோவில் சொன்னால் போதும். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலும் மற்றவருக்குப் பரவாது என்பதை அவர் சொன்னால் பக்கத்து வீடு நம்பும். சீலால் முடியாத வேலை இது.

ஆனால் அதே போனில்தான் அந்த சத்துணவுப் பை படமும் வருகிறது. இரண்டிலும் நோயாளியின் முகம் இருக்கிறது. ஒன்றில் அவர் பேசுகிறார், இன்னொன்றில் அவரைக் காட்டுகிறார்கள். பை வாங்க வந்தவரிடம் ‘படம் போடலாமா’ என்று கேட்டாலும், கையில் பை இருக்கும்போது அவர் எப்படி வேண்டாம் என்பார்? 2022 முதல் காசநோயாளிகளுக்கு உணவு கொடுத்து உதவ அரசே பொதுமக்களை அழைக்கிறது. நல்ல திட்டம். கொடுப்பவர்கள் பையை மட்டும் படம் எடுத்துப் போட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள்?

நான் குழு நிர்வாகியிடம் பேசி அந்தப் படத்தை நீக்கச் சொன்னேன். நீக்கிவிட்டார், ஆனால் அதற்குள் எத்தனை போனுக்குப் போயிருக்குமோ. வேலை போன இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கு நானும் மனைவியும் நேரில் போய் சேத்துப்பட்டு ஆராய்ச்சிக் கதையைச் சொன்னோம். ஒரு மணி நேரம் ஆச்சு. ‘டாக்டர் சீட்டைக் காட்டிட்டு வரச் சொல்லுங்க’ என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை.