வைகை அணையும் என் மாடித் தொட்டியும்

வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முழு உயரம் 71. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது மனப்பாடம். 1959ல் திறந்த அணைக்கு இருக்கும் அந்த ஒழுங்கு, சின்னமனூரில் என் வீட்டு மாடித் தொட்டிக்குப் போன வருடம் வரை இல்லை.

மோட்டாரைப் போட்டுவிட்டு பேப்பரைப் பிரித்தால் மறந்துவிடுவேன். "ஏங்க, மாடியில தண்ணி கொட்டுது" என்று மனைவி குரல் கொடுப்பாள். அவள் ஊரில் இல்லாத ஒரு நாள், இரண்டு மணி நேரம் வழிந்து பக்கத்து வீட்டு மண்சுவர் ஊறிப்போனது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. 67 வயதில் இந்த மறதி எதன் தொடக்கமோ என்ற பயம் வேறு.

தானியங்கிக் கருவியை வாங்கி அனுப்புவதாக மகன் சொன்னான். நானே செய்கிறேன் என்றேன். புதிதாக ஒன்றைக் கற்க முடிகிறதா என்று என்னையே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பழைய ஆசையும் உண்டு. இன்டெல் 8051 மைக்ரோகன்ட்ரோலர் வந்தது 1980ல். அதன் உடன்பிறப்பான 8751க்கு முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். எழுதிய நிரல் தவறு என்றால், அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதாக் கதிரை இருபது நிமிடம் போலக் காட்டி அழிக்க வேண்டும். எழுதத் தனிக் கருவி, அழிக்கத் தனிக் கருவி. சம்பளக்காரன் வீட்டில் நடக்கிற காரியமா? 1993ல் அட்மெல் நிறுவனம் அதே 8051 வகையில் ஃபிளாஷ் நினைவகத்தை வைத்தது. மின்சாரத்தாலேயே நொடிகளில் அழிக்கலாம். 2005ல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், பொறியியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காக ஆர்டுயினோ பிறந்தது. அதற்கு அடித்தளம் போட்டது எர்னாண்டோ பர்ராகன் என்ற மாணவர் 2003ல் உருவாக்கிய 'வயரிங்'. அவர் பெயரைப் பலரும் சொல்வதில்லை.

நான் வாங்கியதும் ஆர்டுயினோதான். தொட்டி மூடியில் ஒரு மீயொலி உணரி. ஒலி நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அது சொல்லும். சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோ நொடி. கணக்கு ஒரே வகுத்தல்தான். அரைப்புள்ளியை எங்கே போடுவது என்பதில்தான் மூன்று நாள் போனது.

நல்லவேளையாக, மோட்டாருக்குப் பதில் குண்டு பல்பை மாட்டித்தான் முதலில் சோதித்தேன். வாளியில் தண்ணீர் ஏற ஏற அணைய வேண்டிய பல்பு, நிறைந்ததும் பளிச்சென்று எரிந்தது! நிஜத் தொட்டியாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மிஞ்சியிருக்காது. இரவெல்லாம் நிரலையே முறைத்துக்கொண்டிருந்தேன். மூளைதான் மங்கிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. விடிந்ததும் புரிந்தது, என் ரிலே பலகை தலைகீழ் ரகம்: ஹை கொடுத்தால் விடும், லோ கொடுத்தால் பிடிக்கும். இரண்டு சொற்களை இடம் மாற்றி, திரும்ப ஏற்றினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மோட்டார் ஸ்டார்ட்டர் இணைப்பை மட்டும் எலக்ட்ரீசியனிடம் விட்டேன். அதில் துணிச்சல் கூடாது.

பஸ்ஸருக்கு வைகை அணை முறையே வைத்தேன். முதல் எச்சரிக்கைக்கு ஒரு பீப், அடுத்ததற்கு இரண்டு. மூன்று அடித்ததும் மோட்டார் நின்றுவிடும். ஆனாலும் வீட்டம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மோட்டார் நின்ற பிறகும் ஒருமுறை மாடிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள்.