பிரியமின்மை என்னும் குற்றம்

ஆங்கிலத்தில் டிஸ்அப்ரொபேஷன் என்று ஒரு சொல், டிஸ்அஃபெக்ஷன் என்று இன்னொரு சொல். முன்னதோடு நிறுத்திக்கொண்டவன் வீட்டுக்குப் போகலாம். பின்னது என்று தீர்ப்பானால் தீவாந்தரம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் செருகப்பட்ட 124ஏ பிரிவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சந்தில்தான் நின்றது. அரசின் நடவடிக்கை ஒன்றை ஒப்பவில்லை என்பது முன்னது. அரசின்மீதே பிரியமில்லை என்பது பின்னது.

சந்து எவ்வளவு குறுகல் என்பதை நீதிபதிகளே காட்டிவிட்டார்கள். 1891இல் கல்கத்தாவில் 'பங்கபாசி' பத்திரிகை வழக்கில் தலைமை நீதிபதி பெத்தரம், முன்னது வெறும் ஒப்பாமை, பின்னது பிரியத்துக்கு எதிரான வெறுப்பு என்று பிரித்தார். 1897இல் பம்பாயில், திலகர் வழக்கில், நீதிபதி ஸ்ட்ரேச்சி இன்னும் ஒருபடி போய், பிரியம் இல்லாதிருப்பதே டிஸ்அஃபெக்ஷன், கசப்பு எந்த வடிவில் இருந்தாலும் அதில் அடக்கம் என்று ஜூரிகளுக்கு விளக்கினார். மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி விசுவாசமின்மை, பகையுணர்ச்சி எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் திணித்தார்கள். குடிபடைகள் ஆண்டையை நேசித்தாக வேண்டும் என்ற பழைய பண்ணைப் புத்திதான். எழுதப்பட்டது மட்டும் நவீனச் சட்டமொழியில்.

திருநெல்வேலிச் சீமைக்கு இச்சொல் 1908இல் வந்து சேர்ந்தது. பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலிப் பேச்சும் சுயராஜ்யப் பேச்சும் ஒரே மேடையில், ஒரே வாயிலிருந்து வந்தன. மார்ச் 12இல் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன; நகரசபை அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்கப்பட்டன; துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அரசாங்க ஏடுகளில் இது 'ரயட்'. ஐந்து பேருக்குக் குறையாத கூட்டம், பலாத்காரம், இது இருந்தால் சட்டப்படி ரயட். கூட்டம் ஏன் கூடிற்று என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. எழுச்சி என்று நாம் சொல்கிறபோது அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறோம். ஊர்மேல் போட்ட தண்டப் போலீஸ் வரிக்கும் இப்படித்தான் இரண்டு பேர். அவர்களுக்கு அது தண்டனை வரி, சனங்களுக்குத் திமிர் வரி. யாருடைய திமிர் என்று விளக்க வேண்டியதில்லை.

வழக்குக்கு வருவோம். பேச்சு தமிழில். போலீஸ்காரர் எழுதிக்கொண்ட குறிப்பில் அது சுருங்கிற்று, ஆங்கிலத்துக்குப் போய் இன்னொரு தரம் மாறிற்று. அதன்பிறகுதான் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அதில் எந்த உணர்ச்சி இருக்கிறது என்று நிறுத்துப் பார்த்தார். எங்க பக்கத்தில் 'வெறுத்துப்போச்சுலே' என்றால் வெயில் தாங்கவில்லை, கூலி கட்டவில்லை, ஆளையே பிடிக்கவில்லை, எல்லாம்தான். ஒப்பாமையும் பகையும் ஒரே மூச்சில் வெளிப்படுகிற மொழி இது. நடவடிக்கை வேறு, அரசு வேறு என்று பிரித்துக் கோபப்படும் வசதி, உப்புக் காற்றில் மில் வாசலில் நிற்கிறவனுக்கு எங்கே கிடைக்கும்? சிதம்பரம் பிள்ளை வக்கீல். அந்தச் சந்து அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தே பேசினார் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஜூலை 7இல் தீர்ப்பு: இரண்டு ஆயுள் தண்டனை, சனங்கள் கணக்கில் நாற்பது வருஷம். சிவாவுக்குப் பத்து. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் இருவருக்கும் ஆறாக்கிற்று. அதே பேச்சு, அதே சொல், எடை மட்டும் வேறு.

தமிழில் நாம் செய்த கோளாறு ஒன்றுண்டு. அன்று இதை ராஜத்துரோகம், ராஜநிந்தனை என்றார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது, ராஜாவுக்குச் செய்த துரோகம் என்று. இன்றைய பத்திரிகைத் தமிழில் அது தேசத்துரோகமாகிவிட்டது. அரசாங்கமே தேசம் என்ற சமன்பாட்டை எந்தச் சட்டமும் கேட்காமலே நம் செய்தி மேசைகள் எழுதிக் கொடுத்துவிட்டன.

விளைவை 2011க்குப் பிறகு இடிந்தகரையில் கண்டோம். அணு உலை வேண்டாம் என்பது அரசின் நடவடிக்கை ஒன்றை ஒப்பாமை. பாடப்புத்தகத்தில் உதாரணமாகப் போடலாம். வன்முறைத் தூண்டலோ பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கமோ இருந்தால்தான் 124ஏ செல்லும் என்று உச்சநீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் 1962லேயே சொல்லியிருந்தது. ஆனாலும் கூடங்குளம் காவல்நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர்மீது அதே பிரிவு, மீன் விற்கிற பொம்பிளைகள் உள்பட.

2022 மே மாதம் உச்சநீதிமன்றம் 124ஏவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் டிஸ்அஃபெக்ஷன் என்ற சொல்லே இல்லை. 152ஆம் பிரிவின் விளக்கத்தில் டிஸ்அப்ரொபேஷன் மட்டும் துணையிழந்து நிற்கிறது. அதற்கு எதிரே இப்போது இருப்பவை நாசவேலை, 'பிரிவினைச் செயல்களின் உணர்ச்சிகள்' போன்றவை. செயலுக்கு எப்படி உணர்ச்சி வரும் என்று இலக்கணம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.