கச்சான் பூத்தே

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் தெருவில் விற்றுவந்த நொறுக்குத்தீனிகளின் பொதுப்பெயர். முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுகடலை, உப்புப் பட்டாணி, அவித்த கொண்டைக்கடலை, சீனிக்கடலை எல்லாம் இதில் அடங்கும். பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போவில் உள்ள புந்தோங் இதற்குப் பெயர்பெற்ற இடம். அங்கே ஒரு குடியிருப்பையே கம்போங் கச்சான் பூத்தே என்கிறார்கள். 

மலாயில் ‘கச்சாங்’ கடலை, பயறு வகைகளைக் குறிக்கும், ‘பூத்தே’ வெள்ளை. அந்த வெள்ளை அவித்த கொண்டைக்கடலையாகவும் இருக்கலாம், சீனிப்பாகு பூசிய நிலக்கடலையாகவும் இருக்கலாம். முறுக்காக மட்டும் இருக்க முடியாது. 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் மலாயில் ‘பூத்தி’ என்பதே முறையான வடிவம். கடைப் பலகைகளில் பழைய வடிவமும் நீடிக்கிறது.

நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். தமிழில் அதற்கு மணிலாக்கொட்டை என்றும் பெயர். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் அதுவே மல்லாட்டை. மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் வழியே அது ஆசியாவுக்கு வந்தது என்பது ஒரு கருத்து. போர்த்துகீசியர் ஆப்பிரிக்கா வழியாகக் கொண்டுவந்தனர் என்பது மற்றொன்று. 

1877இல் பேராக்கின் கோலாகங்சாரில் ரப்பர் நடப்பட்டது. பின்னர் அம்மாநில ரப்பர் தோட்டங்களின் லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, தமிழ்த் தொழிலாளர்கள் வந்தனர். அவர்களோடு முறுக்கு உழக்கும் வந்தது.

புந்தோங்கின் கம்போங் கச்சான் பூத்தே குடியிருப்பைத் தொடங்கியவர்கள் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த சில குடும்பத்தினர் என்பது வழங்கிவரும் செய்தி. காலம் 1940கள் என்பர். வீட்டின் பின்கட்டில் விறகடுப்பு, முன்கட்டில் தகர டின்கள்: தொழில் அப்படித்தான் நடந்தது.

இத்தொழிலின் பொற்காலம் திரையரங்குகளின் காலம். ஏறத்தாழ 1950களிலிருந்து 1970கள் வரை. ஐந்தாறு டின்கள் அடுக்கிய தட்டைத் தலையில் சுமந்து வந்தவர்கள் பிற்பாடு சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும் மாறினர். படம் தொடங்குமுன் வாசலில் கூட்டம் சேரும். ஐந்து காசு, பத்துக் காசு கொடுத்துக் கலந்து போடச் சொல்லலாம். வியாபாரி பழைய பள்ளி நோட்டுத்தாளை ஒரு சுழற்றில் கூம்பாக்கி, அடிநுனியை மடக்கி, சிறு குவளையால் அளந்து கொட்டி, மேலே நாலு கடலை கொசுறாகப் போடுவார். தின்றபின் தாளைப் பிரித்தால் யாரோ ஒரு மாணவன் தப்பாகப் போட்ட கணக்கும் அதன்மேல் ஆசிரியரின் சிவப்பு மையும் தெரியும். சிங்கப்பூரில் தொலைபேசிப் புத்தகத் தாள்களும் பயன்பட்டன. கூம்பின் அடியில் தங்கும் உப்பும் ஓமப்பொடித் தூளும் கடைசி வாய்க்கு உரியவை. அதற்காக அண்ணாந்து கூம்பைக் கவிழ்த்துத் தட்டாத பிள்ளை அநேகமாக இல்லை.

சுவையும் ஊருக்கேற்ப மாறியது. கறிவேப்பிலையோடு பொரித்த கடலையில் மலாய்க்காரர்களின் இக்கான் பிலிஸ் நெத்திலி சேர்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் பசிக்கு உணவாக இருந்த மரவள்ளி, மிளகாய்த்தூள் பூசிய வறுவலாக டின்னில் ஏறியது. தீபாவளிக்கு மட்டுமின்றி நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வாங்குகிறார்கள். தைப்பூசத்தில் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகும் வழியிலும் விற்பனை உண்டு.

திரையரங்குகள் மூடப்பட்டபின் வணிகம் இரவுச் சந்தைக்கும் கடைகளுக்கும் நகர்ந்தது. இப்போது பிளாஸ்டிக் பையில் எடைபோட்டு விற்கிறார்கள். கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டில் சந்தைகள் மூடப்பட்டு, பின்னர் மீண்டும் திறந்தன.