எனக்கு வேணும்

கன்னியாகுமரி ஜில்லாவில் ஒரு கடலோரக் கிராமத்தில் எனக்குச் சிநேகிதர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பெயருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று மாலை மாதாகோயிலை ஒட்டிய மண்டபத்தில் அவர் ஒரு வகுப்பு நடத்துகிறார். குழந்தைகளுக்கு அல்ல, பெரியவர்களுக்கு. ஞானோபதேச வகுப்பு.

2019-ல் நான் அங்கே போயிருந்தபோது, "வந்து உட்காருங்கள், உங்களுக்கும் பொழுது போகும்" என்று அழைத்துப் போனார். முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். கூடை சுமந்து அழுந்திப்போன தலைகள். அன்றைய பாடம் விசுவாசப் பிரமாணம். அதன் முதல் வாக்கியத்தைச் சொல்லி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று சிநேகிதர் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி சொன்னாள்:

"அறுபது வருஷமா விசுவசிக்கிறேன், விசுவசிக்கிறேன்னு சொல்லுதேன் சாரே. இப்பம் அது வாயில வரமாட்டேங்குது. எனக்கு எனக்க பிள்ளை வேணும். அவ்வளவுதான்."

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களில் அவளுடைய மகனும் ஒருவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

சிநேகிதர் அவளுக்குச் சொன்ன பதிலைப் பிறகு சொல்லுகிறேன். அந்த 'வேணும்' என்ற சொல்லைக் கேட்டதும் என் மனம் நானூற்று எழுபது வருஷத்துக்குப் பின்னால் போய்விட்டது. நான் சரித்திர ஆசிரியன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனாலும் சரித்திரத்தில் சில சமயம் கதைக்காரனுக்கென்றே போட்டு வைத்ததுபோல ஒரு சம்பவம் கிடக்கும். இது அப்படி ஒன்று.

முத்துக் குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவர்களானது 1530-களின் நடுவில். முத்துக் குளிக்கும் உரிமை பற்றி அவர்களுக்கும் முஸ்லிம் வர்த்தகர்களுக்கும் பெரும் பகை மூண்டிருந்தது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பும் கிடைத்தது, ஞானஸ்நானமும் கிடைத்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்று சரித்திரக்காரர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். கிடைக்காமல் போனது ஒன்றுதான்: இதெல்லாம் என்னவென்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்.

பூர்வீகத் திருச்சபையில் வழக்கம் நேர் எதிராக இருந்தது. ஒரு பெரியவர் கிறிஸ்தவராக விரும்பினால் அவரை முதலில் மாணவராகச் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வருஷம் படிக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பழைய ஒழுங்குநூல் சொல்லுகிறது. கேட்டு, பழகி, நடத்தையில் தேறிய பிறகுதான் தண்ணீர். முத்துக் குளித்துறையிலோ தண்ணீர் முந்திக்கொண்டது; பாடம் பின்னால் வந்து சேர வேண்டியிருந்தது.

அந்தப் பாடத்தைச் சுமந்துகொண்டு 1542 அக்டோபரில் வந்தவர் சவேரியார். அவருடைய தாய்மொழி பாஸ்க்கு. எதிரே இருப்பவர்களுக்குத் தமிழ். நடுவில் போர்ச்சுகீசியம். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த சிலரைக் கூட்டிவைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கச் செய்தார், உருப்போட்டார். கையில் மணியோடு தெருத் தெருவாகப் போனார். மணிச் சத்தம் கேட்டுக் குழந்தைகள் ஓடி வந்தன. படித்ததை வீட்டிலே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி குழந்தைகளிடமே ஒப்படைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதையும் கூட்டிப் பிரமாணத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி, "விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்பார். எல்லோரும் கைகளை மார்பில் குறுக்காக வைத்து, ஆம் என்பார்கள். இவ்வளவையும் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் அவரே வர்ணித்திருக்கிறார்.

வேடிக்கை அதே வருஷம் வெளிப்பட்டது. தம்மோடு ஊழியம் செய்த மான்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிவருகிறோம். அதற்கு 'விரும்புகிறேன்' என்றுதான் அர்த்தமாம். இனி 'விசுவாசம்' என்ற சொல்லைப் போட்டுச் சொல்லும். இன்னொன்று: 'வன்பினாலே' என்றும் சொல்லாதீர், அது பலவந்தத்தைக் குறிக்கிறது, கிறிஸ்து பட்ட பாடு பலவந்தத்தால் அல்ல, மனம் ஒப்பிப் பட்டது.

யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை வருஷ காலம் அந்தக் கடற்கரை மக்கள் மார்பில் கை வைத்து, 'கடவுளை நம்புகிறேன்' என்பதற்குப் பதிலாக 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்களின் பிழை என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. அந்த ஜனங்களின் வாயிலிருந்து வந்த நிஜமான சொல் அதுதான் என்று படுகிறது. அவர்களுக்குப் பாதுகாப்பு வேணும். முத்துச் சலாபம் வேணும். கடலுக்குப் போனவன் திரும்பி வர வேணும். தேவை இருந்தது. அந்தத் தேவை நம்பிக்கையாக மாறுவதற்கு ஒரு கடிதத் திருத்தம் போதுமா?

போதாது என்று சவேரியாருக்கே தெரியும். 1544-ன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில், என் சிநேகிதரின் ஊர்ப் பக்கம், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். கை சோர்ந்துபோகும் என்று எழுதியவரும் அவரே. ஊருக்கு ஓர் ஆள் நிரந்தரமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாலொழிய நடக்காது என்று கண்டு, உள்ளூர்க்காரர்களையே நியமித்தார். கடிதங்களில் அவர்களைக் 'கணக்கப்பிள்ளை' என்று குறிப்பிடுகிறார். சம்பளத்துக்கு வழி? போர்ச்சுகல் ராணி காதரினின் பாதரட்சைச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து வருஷந்தோறும் 4000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கினார். ராணியின் செருப்புப் பணத்தில் உபதேசிமார் சாப்பிட்டார்கள்!

பின்னால் வந்த அண்டிரிக்கு அடிகளார் சொல்லோடு மல்லுக்கட்டுவதையே ஆயுள் முழுவதும் தொழிலாகக் கொண்டார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று நாம் பெருமை கொண்டாடுகிறோம். அது எதற்காக அச்சானது என்பதையும் நினைக்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்றுவிட்ட ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அது. 1727-ல் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியதும் ஊர் ஊராகப் போய்ப் போதித்த அந்த உபதேசிமாருக்காகத்தான்.

வளர்ந்த மனிதன் ஒருவன் கற்றுக்கொள்ளும் விதத்துக்கு என் மனத்தில் நிற்கும் உதாரணம் தேவசகாயம் பிள்ளை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன்; மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகம். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவிடம் தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்குச் சிநேகிதர். குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து பிள்ளை மனமொடிந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். மக்களையும் மந்தைகளையும் இழந்து, கடவுளோடு வழக்காடிய மனிதனின் கதை. கேட்டவர் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022-ல் ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய பாடம் கேள்வி பதில் புத்தகத்தில் தொடங்கவில்லை. அவருடைய துக்கத்தில் தொடங்கியது.

பெரியவர்களுக்குப் படிப்படியாகக் கற்பிக்கும் பழைய முறையை மீட்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் தீர்மானித்தது. அதற்கான சடங்குமுறை 1972-ல் வெளியாயிற்று. அதெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு. பிறந்த நாள் முதல் கிறிஸ்தவர்களாக இருக்கிறவர்களுக்கு அறுபது வயதில் ஒரு கேள்வி வந்தால் எங்கே போவது? அதற்குத்தான் இம்மாதிரி ஞாயிற்றுக்கிழமை மண்டபங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு வெட்கம். என் தாத்தா ஐந்து வயதில் எனக்குச் சில ஸ்தோத்திரங்களை மனப்பாடம் பண்ணிவைத்தார். இன்றும் தடங்கலில்லாமல் சொல்லுவேன். அர்த்தம் கேட்க வேண்டும் என்று தோன்றியபோது எனக்கு நாற்பது வயது, தாத்தா இல்லை. எங்கே போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்காமலே இருந்துவிட்டேன்.

அந்தக் கிழவி கேட்டுவிட்டாள்.

சிநேகிதர் உடனே பதில் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது கோயில்களில் 'விசுவசிக்கிறேன்' போய் 'நம்புகிறேன்' வந்துவிட்டது. கிழவி இன்னும் பழைய சொல்லையே வைத்திருந்தாள். அவர் அதைத் திருத்தவில்லை. 'வேணும்' என்றதையும் திருத்தவில்லை.

"யோபுவும் இதைத்தானே அம்மா கேட்டார்" என்றார். "வாயில வரலேன்னா விசுவசிக்கிறேன்னு சொல்ல வேண்டாம். வேணும்னே சொல்லுங்க. அதையும் அவர்கிட்டத்தானே சொல்லுறீங்க?"

கிழவி பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாளோ என்று பார்த்தேன். போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள் என்று சிநேகிதர் பிறகு எழுதியிருந்தார்.