பழவேற்காட்டுச் சிறாரும் யோசேப்பின் சரிதையும்

வேதாகமக் கதைகள் பழவேற்காட்டிற்குப் புதியவையல்ல. 1515-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் இங்கு மாதா கோயிலை எழுப்பினர். 1613-இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையைக் கட்டி, 1690 வரையில் அதனைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். 1630-களில் அங்கே குருவாயிருந்த ஆபிரகாம் ரோசேரியுஸ் நம் நாட்டார் சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது.

ஆயினும், வேதம் வாசிக்கப்பட்ட அதே துறையினின்றே அடிமைகளும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாத பெற்றோர் தம் மக்களை விற்றனர், கும்பினியார் கொண்டனர். யோசேப்பை அவன் சகோதரர் இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற சரிதையை அவ்வணிகர் அறியாதவரல்லர். பிற்காலத்தில் பஞ்சம் வந்தபோது அதே யோசேப்பு, தன்னை விற்றவர்க்கே தானியம் அளந்து, கண்ணீர்விட்டுத் தழுவிக்கொண்டான். அறிந்த கதை அவர் நெஞ்சில் இறங்காமற்போனதே இத்துறையின் துயரம்.

ஆகையால், கதையைச் சொல்லுதல் மட்டும் போதாது. நடையிற் காட்டுதல் வேண்டும். அதற்கு நம்மிடம் பழைய சாதனமொன்று உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் பாடு முறையால் ஏரியைப் பங்கிட்டுக்கொள்ளுகின்றனர். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைப்பதில்லை. முறை வரும்போது எளியவனும் அங்கே வலை கட்டுவான். அம்மனைத் தொழுவோரும் மாதாவைத் தொழுவோரும் ஒரே நீரில் பங்காளிகள். இதைக் காணும் சிறுவனுக்கு, 'நீ எங்களவன்' என்பதன் பொருள் தானே விளங்கும்.

ஆனால் நம் பாட்டிற்கும் ஓர் எல்லையுண்டு. தலைக்கட்டு ஆண்மக்கள் பெயராலேயே எழுதப்படுகிறது. ஆண்துணையற்ற விதவையின் அடுப்பு எப்படி எரிகிறது? வலையின்றிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு நம் கரையில் என்ன மதிப்பு? யோசேப்பின் கதையைக் கேட்ட குழந்தை இவ்வினாக்களைக் கேட்குமாயின், அதட்டி வாயடக்காதீர்கள். அந்த வினாவே கதை நெஞ்சில் இறங்கியதற்கு அடையாளம்.

இன்றிரவு கதை சொல்லும் தாய்மார், நாளைக் காலை மீன் பங்கிடுகையில் விதவையின் வீட்டுக்கு ஒரு பங்கைப் பிள்ளையின் கையாலேயே கொடுத்தனுப்புவாராக. கோட்டை இடிந்து கிடக்கிறது; அக்கோட்டையார் கற்கத் தவறியதை நம் குழந்தைகளேனும் கற்பார்களாக.